கடலுக்குக் கலுங்கு கேட்டவர்

கடலில் ஒரு கட்டுமானக் குறை இருக்கிறது என்று கண்டுபிடித்தவர், எனக்குத் தெரிந்து, உலகத்திலேயே ஒருவர்தான். அவர் அபிராமத்துக்குப் பக்கத்து கிராமம் ஒன்றின் விவசாயி. கண்டுபிடித்த இடம் புதுமடம் கடற்கரை. நேரம், ஒரு பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணி. எந்த வருஷம் என்பதில் எனக்கும் என் நண்பரான நாவலாசிரியருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அவர் இரண்டு முன்னுரைகளில் இரண்டு வருஷங்களை எழுதியிருக்கிறார். இரண்டும் தப்பு. என் நோட்டுப் புத்தகத்தின்படி அது விளம்பி வருஷம்.

நாவலாசிரியர் அப்போது புதுமடத்தில் பள்ளிக்கூட வாத்தியார். நான் ராமநாதபுரத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. அந்த விவசாயி நாவலாசிரியரின் பள்ளித் தோழர். சாகுபடி இல்லாத இடத்துக்குப் போவானேன் என்று அதுவரை கடலைப் பார்க்காமலே இருந்தவர். நாங்கள் இருவரும் அவரைக் கரைக்கு அழைத்துப் போனோம். குடையை மடக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றார். கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தார். மேற்கே கொஞ்ச தூரம் நடந்தார். திரும்பி வந்து, படகுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்த சீனிக் காக்காவிடம் (அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்) கேட்டார்:

"இம்புட்டுத் தண்ணி கெடக்கே, இதுக்குக் கலுங்கு எங்கன இருக்கு?"

கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் கரையை உடைக்காமல் வழிந்தோடக் கட்டிவைத்திருக்கும் கல்வரிசையைக் கலுங்கு என்பார்கள். சீனிக் காக்காவுக்கும் அது தெரியும்.

"கலுங்கெல்லாம் கெடையாதுண்ணே. இது கடலு."

"கலுங்கு வைக்காம எவன் கட்டுனது?"

"படைச்சவன் கட்டுனது."

"சரி. ஒரு நா பெருசா வந்துச்சுன்னா எங்கிட்டு வழியும்? யாராச்சும் கேட்டு வச்சீகளா?"

சீனிக் காக்கா துணியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "மூணு தலமொறையா இங்கன கெடக்கோம். இதக் கேக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணல."

அன்றிலிருந்து அவர் எங்களுக்குக் கலுங்கண்ணன்.

நாவலாசிரியரோடு ஒரே வகுப்பில் படித்தாலும் கலுங்கண்ணன் நாலு வயது மூத்தவர். மழை நன்றாகப் பெய்கிற வருஷத்தில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கண்மாய்க் கரையிலேயே இருப்பார், பரீட்சையில் தோற்றுப்போவார். மழை பொய்த்த வருஷத்தில் வேறு வேலை இல்லாததால் பள்ளிக்கூடத்துக்கு வந்து தேறிவிடுவார். ஆக, எட்டாம் வகுப்பு முடிக்க அவருக்கு எட்டுப் பஞ்சங்கள் தேவைப்பட்டன. ராமநாதபுரம் ஜில்லாவாக இருந்ததால் பன்னிரண்டே வருஷத்தில் முடித்துவிட்டார்.

அறுவடை முடிந்தால் என் அறையில் வந்து இரண்டு நாள் தங்குவார். ஒரு தடவை டூரிங் டாக்கீஸுக்குக் கூட்டிப்போனேன். கதாநாயகி வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். இடி, மின்னல், பேய்மழை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தால் குடையைக் காணோம், ஆளையும் காணோம். மூன்றாம் நாள் கார்டு வந்தது. "மழையைப் பார்த்ததும் மடை ஞாபகம் வந்தது. ஊருக்கு வந்து பார்த்தேன். மடை மூடித்தான் இருக்கிறது. மழையும் இல்லை. அந்தப் பெண் வீடு போய்ச் சேர்ந்தாளா?" அந்தக் கார்டு என்னிடம் இன்னும் இருக்கிறது.

இப்படிப்பட்ட மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த எழுத்தாளனாவது சும்மா இருப்பானா? நம் நாவலாசிரியர் இருக்கவில்லை. விகாரி வருஷம் சித்திரையில் சென்னை வாரப் பத்திரிகை ஒன்றில் அவருடைய தொடர்கதை ஆரம்பமானது. அதன் நாயகன் செவத்தையா. கண்மாயே உயிர் என்று வாழ்கிறவன். தமிழ்நாட்டில் பாதிப் பேரை அழவைத்தவன். "செவத்தையா என் ரத்தத்தில் ஊறியவன்" என்று நாவலாசிரியர் பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஊறியதெல்லாம் கண்மாயில்தான். சாட்சி நான்.

ஆனால் கலை என்று ஒன்று இருக்கிறதல்லவா? நாவலாசிரியர் செவத்தையாவைப் பேசாமடந்தையாக ஆக்கிவிட்டார். நிஜத்தில் கலுங்கண்ணன் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. செவத்தையாவோ அத்தியாயத்துக்கு ஒரு வாக்கியம் பேசுவான், அதையும் முடிக்கமாட்டான். கண்கள் மட்டும் தொடுவானத்தில் இருக்கும். ஓவியர் அவனுக்கு முறுக்கு மீசையும் அகன்ற மார்பும் வரைந்தார். கலுங்கண்ணனுக்கு இருந்தது குடை.

இதற்கெல்லாம் கலுங்கண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் கோபித்துக்கொண்டது ஒன்பதாவது வாரம். அந்த வாரம் செவத்தையா நாற்று நட்டுவிட்டான்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து மானாவாரி நிலத்தில் நாற்றும் கிடையாது, நடவும் கிடையாது. ஆடி, ஆவணியில் காய்ந்த புழுதியை உழுது அதிலேயே விதையைப் போட்டுவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நாவலாசிரியர் 'புழுதி விதைப்பு' என்றுதான் எழுதி அனுப்பியிருந்தார். பத்திரிகை ஆபீஸில் யாரோ ஒரு காவிரிக் கரைக்காரர், பாவம் புழுதியில் யாராவது விதைப்பார்களா என்று இரக்கப்பட்டு, நாற்றாகத் திருத்திவிட்டார். கலுங்கண்ணன் அடுத்த பஸ்ஸிலேயே புதுமடம் வந்து இறங்கினார்.

"ஏலே, என்னையப் பைத்தியக்காரன்னு எழுது. குடிகாரன்னு எழுது. நாத்து நட்டேன்னு எழுதிப்புட்டியே. நாளப்பின்ன நான் ஊருக்குள்ள நடமாட வேணாமா?"

நாலு வாரம் பேச்சு வார்த்தை இல்லை. பிறகு அவரே சமாதானமாகிவிட்டார். காரணம், அந்தத் தொடர்கதையால் அவருக்கு ஒரு நல்லது நடந்தது.

அவருக்கு ஒரே மகள், பொன்னழகு. முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் தானாகத் தேடி வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் விவசாயி, அதைவிடப் பெரிய வாசகர். வாராவாரம் தொடர்கதையைக் கிழித்து, பைண்டு செய்ய எடுத்துவைப்பவர். செவத்தையா யார் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த ரகசியமாகிவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பனார் வெளிப்படையாகவே சொன்னார்: "பொண்ணு எப்படியும் நல்லாத்தான் இருக்கும். செவத்தையா வீட்டுல சம்பந்தம் பண்ணணும். அதுதான் ஆசை."

நிச்சயதார்த்தத்தன்று கலுங்கண்ணனுக்கு மகள் போட்ட ஒரே உத்தரவு, அய்யா வாயைத் திறக்கக் கூடாது என்பது. காலை ஏழு மணியிலிருந்து பந்தி முடியும்வரை அவர் திறக்கவில்லை. தொடுவானத்தையும் பார்த்தார். அண்டை வீட்டார் பல்வலி என்று நினைத்து கிராம்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். சம்பந்தி கண்கலங்கிப் போனார். கதையில் இருப்பது போலவே இருக்கிறாரே என்று என்னிடம் சொன்னார். அவர்கள் வண்டி கிளம்பியதும் கலுங்கண்ணன் நேரே கண்மாய்க் கரைக்குப் போய், பொழுது சாயும்வரை தனியாகப் பேசிவிட்டு வந்தார். தை மாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று.

இங்கேதான் பத்திரிகை ஆசிரியர் குறுக்கே வந்தார். பொங்கலுக்குப் புதுத் தொடர்கதை வருகிறது, அதற்குள் இதை முடியுங்கள், முடிவு கண்ணீராக இருக்கட்டும் என்று கடிதம் போட்டார். நாவலாசிரியரும் முடித்தார். கார்த்திகை மழை. கண்மாய் உடைகிறது. ஊர் தூங்குகிறது. செவத்தையா ஒன்றும் பேசாமல் உடைப்பில் குறுக்கே படுத்து, வெள்ளத்தோடு போய்விடுகிறான். கீழே 'அடுத்த இதழில் முடியும்' என்று போட்டிருந்தது.

பத்திரிகை அபிராமத்துக்கு வெள்ளிக்கிழமை வரும். டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிப்பார், கூட்டம் கேட்கும். அந்த வெள்ளிக்கிழமை, பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர் பாதியில் வந்து கேட்டு, பாதியில் பஸ் ஏறிவிட்டார். இறங்கிய ஊர், கலுங்கண்ணனின் மைத்துனர் ஊர். "ஒங்க கலுங்கு மச்சான் போயிட்டாராம். கண்மாய் ஒடப்புல படுத்து, தண்ணியோட போயிட்டாராம்" என்று சொல்லிவிட்டார்.

யாரும் நிஜமா என்று கேட்கவில்லை. வெளியே நிஜமாகவே மழை பெய்துகொண்டிருந்தது. வேறு யாராவது என்றால் விசாரித்திருப்பார்கள். கலுங்கண்ணன் உடைப்பில் படுத்தார் என்றால், இத்தனை நாள் ஏன் படுக்கவில்லை என்றுதான் கேட்கத் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைத்துனர் கையில் கோடி வேட்டி, ஆளுயர மாலை, பின்னால் எட்டுப் பெண்கள். துஷ்டிக்கு வருகிறவர்கள் ஊர் எல்லையிலேயே ஒப்பாரியைத் தொடங்கவேண்டும். தொடங்கினார்கள். கரையில் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்த கலுங்கண்ணன் சத்தம் கேட்டு இறங்கி ஓடிவந்து, கூட்டத்தோடு சேர்ந்து நடந்து, தன் வீட்டு வாசலுக்கே வந்தபிறகுதான் யார் போனது என்று கேட்டார்.

மைத்துனர் மாலையோடு அவரை மேலும் கீழும் பார்த்தார். "என்ன மச்சான், நீங்க இங்கன நிக்கிறீக?"

"நான் எங்கன நிக்கணும் மாப்ள?"

ஒப்பாரி உடனே நிற்கவில்லை. எட்டுப் பேரும் பாட்டில் நல்ல இடத்தில் இருந்தார்கள். அந்த அடியை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார்கள்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அந்த நேரம் பார்த்து முதுகுளத்தூர்ச் சம்பந்தி வந்து இறங்கினார். அவர் கதையை முழுசாகப் படித்தவர். செத்தது செவத்தையாதான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் முகம் வீங்க அழுதிருந்தார். வாசலில் மாலையையும் கோடியையும் பார்த்தார், நடந்ததைக் கேட்டார், துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஒப்பாரி விழுந்த வாசலு. தையில மேளம் எப்படிங்க வைக்கிறது? ஒரு வருசம் போகட்டும். எனக்கும் மனசு சரியில்ல. செவத்தையா போனபெறகு இந்தச் சம்பந்தத்துல என்ன இருக்கு?"

ஒரு வருஷம் தள்ளிப்போன கல்யாணங்கள் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் நடந்ததில்லை. அடுத்த வருஷம் மழை வருமா, மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறுமா, யாருக்குத் தெரியும்? உள்ளேயிருந்து பொன்னழகு வந்தாள். அழவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு தகப்பனாரிடம் பேசினாள், சம்பந்திக்கும் கேட்கும்படி.

"அய்யா, செத்தது நீங்க இல்ல. அந்தாளு. அந்தாளுக்குத் துஷ்டி காக்க வேண்டியது நாமளா, கொன்னவுகளா? மாலையையும் கோடியையும் அங்கன கொண்டுபோய் எறக்குங்க."

துஷ்டிக்கென்று எடுத்த கோடியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதை எங்கே வைப்பது என்று மைத்துனர் தவித்துக்கொண்டிருந்தார். ஆக, எல்லோருக்கும் இது நியாயமாகப் பட்டது. மொத்தக் கூட்டமும் பஸ் ஏறியது.

பரமக்குடியில் நடந்ததைப் பிறகு மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்திருக்கிறேன். மாலையோடு இத்தனை பேர் ஏறுவதைப் பார்த்து, துஷ்டி எங்கே என்று கண்டக்டர் கேட்டார். புதுமடத்தில் என்றார்கள். யார் தவறியது என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் கலுங்கண்ணன்.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "நீங்க முன் சீட்டுல ஒக்காருங்கய்யா. குலுக்காது."

மாலை நசுங்கக் கூடாது என்று மைத்துனரிடமிருந்து வாங்கித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு, ராமநாதபுரம்வரை முன் சீட்டில் வந்தார். அங்கே என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். உச்சிப்புளியில் இறங்கி, பனங்காட்டு வழியே புதுமடத்துக்கு நடந்தோம். ஊர் முகப்பில் சீனிக் காக்கா எதிரே வந்தார்.

"யாரு மௌத்து?"

"நான்தான்னு சொல்றாக, காக்கா."

"அன்னைக்குக் கலுங்கு கேட்டவுகதானே? வாங்க, வாங்க" என்று அவரும் கூட நடந்தார்.

நாவலாசிரியர் வீட்டில் விளக்கேற்றிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் கடைசி அத்தியாயம் தயாராக இருந்தது. செவத்தையாவின் இறுதி ஊர்வலம். முப்பது பக்கம். தமிழில் இப்படி ஓர் இரங்கல் வந்ததே இல்லை என்று முந்தின வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தார். அன்று மாலை ரயில் தபாலில் அது சென்னைக்குப் போகவேண்டும். கலுங்கண்ணன் மாலையை வாசற்படியில் இறக்கினார்.

"ஏலே, ஒன் வீட்டுல துஷ்டிடா."

விஷயத்தைக் கேட்டதும் நாவலாசிரியருக்கு வருத்தம்தான். ஆனாலும் கதைக்கென்று ஒரு தர்மம் இருக்கிறது, செவத்தையாவின் வாழ்க்கைக்கு இந்தச் சாவுதான் அர்த்தம், இதை மாற்றினால் இலக்கியம் என்னை மன்னிக்காது என்று நின்றார். கல்யாணம் நின்றுபோகும் என்று நான் சொன்னேன். சம்பந்தி, எப்படி மனசு வந்தது என்று கேட்டு அழுதார். அழுகையோடு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். கலுங்கண்ணன் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஒடப்புல ஆளு படுத்தா தண்ணி நிக்கும்னு ஒனக்கு எவன்டா சொன்னது?"

"அண்ணே, அது ஒரு தியாகம்..."

"என்ன தியாகம்? ஆளு படுத்தா ஆளு போவான். ஒடப்பு அங்கனயேதான் இருக்கும். மொதல்ல கலுங்குப் பலகையை எடுத்துத் தண்ணியக் கொறைக்கணும். பெறகு கருவேல முள்ளு, அதுக்கு மேல வைக்கோலு, ஓலைப்பாயி, அப்புறம் மண்ணு. இதெல்லாம் தெரியாதவனா செவத்தையா? செத்ததும் செத்தான், கண்மாயையும் காப்பாத்தாம செத்திருக்கான். ஊரு விடிஞ்சு எந்திரிச்சா வயல்ல பூராம் தண்ணி. இதுக்கு முப்பது பக்கம் அழுகையாடா?"

சம்பந்தி அழுகையை நிறுத்தினார். அவரும் விவசாயி. "அது சரிதான். ஆளு படுத்தா நிக்காது" என்றார்.

நாவலாசிரியர் முப்பது பக்கத்தையும் பார்த்தார். எங்களையும் பார்த்தார். இலக்கியம் மன்னிக்காததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கண்மாய் தெரிந்த இரண்டு பேர் எதிரே நிற்கும்போது என்ன செய்யமுடியும்? பேனாவை எடுத்து, மெதுவாகக் கேட்டார்: "அப்ப அவன் என்ன செய்வான்ணே?"

கலுங்கண்ணன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். ரயில் வர இரண்டு மணி நேரம் இருக்கும்போது முடித்தார். நான் பிரதி எடுத்தேன். அச்சில் வந்தால் தையிலேயே கல்யாணம் என்று சம்பந்தி வாக்குக் கொடுத்தார். மைத்துனர் கோடி வேட்டியை நீட்டினார். கலுங்கண்ணன் அதை வாங்கி நாவலாசிரியர் கையில் வைத்தார். "இது திரும்பிப் போகக் கூடாது. நீயே வச்சுக்க. செவத்தையா என்னைக்கு நெசமாச் சாகுறானோ அன்னைக்கிப் போடு."

அடுத்த இதழ் வந்தது. மேலே 'நெஞ்சை உருக்கும் சோக முடிவு' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதை எடுக்க நேரமில்லை போலிருக்கிறது. கீழே செவத்தையா வெள்ளத்தில் போய்க் கலுங்குக் கல்லைப் பிடித்து எழுந்து, ஊரைக் கூட்டி, மூச்சுவிடாமல் பேசி, உடைப்பை அடைத்துக்கொண்டிருந்தான். ஓவியர் பாடை தூக்கிப்போகும் படத்தை முன்பே வரைந்து கொடுத்துவிட்டார். அதையே போட்டு, 'உடைப்பை அடைக்க ஓலைப்பாய் போகிறது' என்று அடியில் எழுதியிருந்தார்கள். தையில் பொன்னழகு கல்யாணம் நடந்தது. சம்பந்தியிடம் கலுங்கண்ணன் பந்தியிலேயே மூன்று மணி நேரம் பேசினார். கடைசி அத்தியாயத்தில் செவத்தையாவே பேசிவிட்டதால் சம்பந்தியால் ஒன்றும் சொல்லமுடியவில்லை.

நாவல் புத்தகமாக வந்தபோது ஒரு பேராசிரியர், மௌனத்திலிருந்து பேச்சுக்கு வரும் செவத்தையா விழித்தெழும் கிராம மனத்தின் குறியீடு என்று பதினாறு பக்கம் எழுதினார். இன்னொருவர், கடைசி அத்தியாயம் பொதுப்பணித் துறைக் கையேடு போல இருக்கிறது என்று குறைப்பட்டார். இரண்டாமவர் உண்மைக்கு மிக அருகில் வந்துவிட்டார். இந்தப் பதிவை நான் எழுதுவதே அதற்காகத்தான்.

குரோதி வருஷம் மார்கழியில் புயல் வந்து, கடல் எழுந்து, தனுஷ்கோடி போனது எல்லோருக்கும் தெரியும். பஸ் ஓடத் தொடங்கிய முதல் நாளே கலுங்கண்ணன் குடையோடு புதுமடம் வந்தார். நாவலாசிரியரையும் சீனிக் காக்காவையும் கண்ணால் பார்த்துக்கொண்டார். பிறகு கரைக்குப் போனார். "நீங்க அன்னைக்கே கேட்டீகளேண்ணே" என்றார் சீனிக் காக்கா. அவர் அவ்வளவு தண்ணீரையும் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் உத்தரவு போடாமல் அவர் பேசாதிருந்த நாள் என் நோட்டில் அது ஒன்றுதான்.

மறு வருஷம் ஆவணியில், புழுதி விதைப்பு முடிந்த நாலாம் நாள், பொன்னழகு தந்தி கொடுத்தாள். இந்தத் தடவை பத்திரிகை எதிலும் ஒன்றும் வரவில்லை. நாவலாசிரியர் ராமநாதபுரம் வந்து என்னைக் கூட்டிக்கொண்டார். கடைத்தெருவில் மாலை வாங்கினோம். ஜவுளிக்கடையில் ஏறி ஒரு கோடி வேட்டி எடுத்தார். பெட்டியில்தான் ஒன்று வைத்திருக்கிறீரே என்றேன்.

"அது செவத்தையாவோடது" என்றார். "அந்தாளுதான் இன்னும் சாகலையே."

பஸ்ஸில் கூட்டம் இல்லை. முன் சீட்டு காலியாக இருந்தும் நாங்கள் பின்னால் போய் உட்கார்ந்தோம். பரமக்குடி வருவதற்குள் மாலை குலுங்கி, பாதிப் பூ உதிர்ந்துவிட்டது. போன தடவை அதை நசுங்காமல் மடியில் வைத்துக்கொண்டு வர அவர் இருந்தார்.